நெடுஞ்சாலையில் ஒரு கட்டில்

புதுச் சாலை திறந்த வருஷம் ஹெல்வி கெல்லோகும்புவின் வீட்டுச் சன்னல்கள் அதிர்வதை நிறுத்திவிட்டன. அதுவரை வடக்கே போகிற லாரியெல்லாம் அவள் வாசலை உரசிக்கொண்டுதான் போகும். மரம் ஏற்றியவை, மீன் ஏற்றியவை. கோடை வந்தால் நார்வேயின் வடக்கு முனையைப் பார்க்கப் போகும் வெளிநாட்டுக் கார்கள். ஏழு அறைகளில் நாலைந்து எப்போதும் நிறைந்திருக்கும். புதுச் சாலை ஏரிக்கு அந்தப் பக்கமாக நேராகப் போனதும் எங்கள் ஊரான ஹாபவாராவுக்கு அமைதி வந்தது. அமைதி எங்களிடம் ஏற்கெனவே போதிய அளவு இருந்தது. இன்னும் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.

நான் இந்த ஊரில் டாக்ஸி ஓட்டுகிறேன். பெயர் எய்னோ. ஹெல்வியை அவளுடைய பதினாலாவது வயதிலிருந்து தெரியும்.

அவள் வீட்டு முகப்பில் இருந்த பலகை எங்கள் பின்லாந்தின் பின்னிஷ் மொழியில் ‘பயணிகள் வீடு’ என்றது. நாங்கள் குறைவாகப் பேசுகிறவர்கள் என்றாலும் இராத் தங்கும் இடங்களுக்குச் சொற்களைச் சேர்த்துவைத்திருக்கிறோம். கூடாரம் அடிக்கும் இடத்துக்கு ஒன்று. மாணவர்கள் அடுக்குக் கட்டிலில் படுக்கும் இடத்துக்கு ஒன்று. ஏரிக்கரை மரக்குடிலுக்கு ஒன்று. ஹோட்டல் என்றால் எங்களுக்கும் ஹோட்டல்தான். அது ரயில் நிற்கிற ஊரில் இருக்கும், லிஃப்ட் இருக்கும், இரவில் வாத்தியம் வாசிப்பார்கள். லாரிக்காரனும் தையல் மிஷின் விற்கிறவனும் ஈரக் காலுறையை அடுப்போரம் காயப்போட்டுவிட்டுத் தூங்குகிற இடம் பயணிகள் வீடு. வேறு எதுவும் அதில் கிடையாது.

ஹெல்வி இந்த ஊர்க்காரி அல்ல. நாற்பத்துநாலில், போரின் கடைசியில், வடக்கே ஊர் ஊராகக் காலி செய்தபோது அவளும் அவள் அம்மாவும் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். வழியில் மாதாகோயிலில் படுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள், சரக்கு ரயிலில் படுத்தார்கள். இடம் கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எல்லோரும் கேட்டார்கள். எந்த ஊர், வீடு எரிந்துவிட்டதா, புருஷன் உயிரோடு இருக்கிறாரா. அவள் அம்மா ஒவ்வொரு இடத்திலும் பதில் சொன்னாள். பதில் சொன்ன இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தாள்.

கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் அம்மா கதவைத் திறந்தாள். அவர்களுடைய காலணிகளைப் பார்த்தாள். உள் அறையைக் காட்டி, இரண்டு கிண்ணம் சூடான பால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெல்வியின் அம்மா மறுநாள் மதியம்வரை தூங்கினாள். மாட்டுக்கு நான் வைக்கோல் போட்டேன்.

பின்னால் ஹெல்வி இங்கேயே வில்ஹோவைக் கட்டிக்கொண்டாள். ஆற்றில் மரம் மிதக்கவிடும் வேலை அவனுக்கு. ஒரு வசந்தத்தில் ஆறு அவனை எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் அவள் அந்தப் பெரிய மர வீட்டை வாங்கி அறைகளாகத் தடுத்தாள். எதற்கு இந்த வேலை என்று யாரோ கேட்டதற்கு அவள் சொன்னது ஊரில் நெடுநாள் பேச்சாக இருந்தது. “அன்னிக்கு எங்கம்மா தூங்கினாளே, அந்தத் தூக்கத்தத்தான் விக்கிறேன்.”

இப்போது வாங்க ஆள் இல்லை. புதுச் சாலை பிரியும் இடத்தில் ஒரு நீலப் பலகை வைத்தால் ஆள் வரும். கட்டில் படம், ஓர் அம்பு, எவ்வளவு தூரம் என்று ஒரு எண். அவ்வளவுதான். ஆனால் கட்டில் படம் யாருக்குக் கிடைக்கும் என்பதை மாகாணப் பயண அலுவலகம் முடிவு செய்தது. வெளிநாட்டுக்காரன் வந்து நின்றால் வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் வரவேற்கத் தெரிந்திருக்க வேண்டும். பலகை கிடைக்காவிட்டால் இலையுதிர் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஓலு நகரத்தில் ஏதாவது சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்வதாக ஹெல்வி சொன்னாள். ஒரு முறைதான் சொன்னாள். அவள் இரண்டு முறை சொல்லும் வழக்கம் இல்லை.

குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு வைத்தார்கள். தங்கும் இடம், கடை, பெட்ரோல் நிலையம் நடத்துகிறவர்களுக்கு ஆங்கிலம். நானும் போனேன். எனக்கு ‘எங்கே’, ‘எவ்வளவு’ போதும் என்று தோன்றியது. ஹெல்வி எல்லாவற்றையும் படித்தாள். அவள் படித்த விதம் எங்கள் ஆசிரியை எங்கும் கண்டிராதது.

அவள் ஒவ்வொரு சொல்லையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்தாள். ‘பில்லோ’வை மூன்றாம் அறையில் வைத்தாள், அங்கேதான் நல்ல தலையணை இருந்தது. ‘கீ’யை மாடிப்படிக்குக் கீழே ஆணியில் மாட்டினாள். ‘டவல்’ சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு வெளியே உடை மாற்றும் அறையில். ‘பிளாங்கெட்’ ஐந்தாம் அறையில், சிகரெட்டால் ஒரு லாரிக்காரன் ஓட்டை போட்ட கம்பளியின் மேல். பெருக்கும்போதும் படுக்கை விரிக்கும்போதும் அந்தந்த இடத்தில் அந்தந்தச் சொல்லை உரக்கச் சொல்வாள். வேறு இடத்தில் சொல்ல மாட்டாள். வெளியே எங்காவது சொல் தேவைப்பட்டால் மனதுக்குள் வீட்டுக்குப் போய், படியேறி, கதவைத் திறந்து எடுத்து வருவாள். கடையில் பால் வாங்க வந்தவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் கடைக்காரர் மற்றவர்களிடம், “வீட்டுக்குப் போயிருக்கா, வந்துருவா” என்பார்.

வில்ஹோவின் தங்கை டோய்னிதான் அங்கே சமையல். அவளுக்கு இது நல்ல வேடிக்கை.

“அண்ணி, அந்த இஸ்திரிப் பெட்டிய எங்க வச்சீங்க?”

“அலமாரில.”

“சாமானக் கேக்கல. வார்த்தையக் கேட்டேன்.”

“அதுவும் அலமாரிலதான். தொடாத.”

மார்ச் மாதம் பயண அலுவலகத்திலிருந்து சால்மெலா அம்மாள் வந்தார். நான்தான் ரயிலடியிலிருந்து கூட்டிவந்தேன். நாற்பது வயதிருக்கும், நல்ல மாதிரி. லண்டனில் சில வருஷம் ஹோட்டல் வேலை பார்த்தவர். அவரே ஆங்கிலப் பயணிபோல நடிப்பார், ஹெல்வி வரவேற்க வேண்டும். டோய்னியும் நானும் சமையலறைக் கதவருகே நின்றோம்.

கூடத்தில் சால்மெலா ஆங்கிலத்தில் கேட்டார், அறை இருக்கிறதா என்று.

“அறை இருக்கிறது,” என்றாள் ஹெல்வி. “இரண்டு படுக்கை. ஏரி தெரியும்.”

துண்டு, சோப்பு, சாவி, காலை உணவு, சவுனாவின் நேரம். கேட்டதற்கெல்லாம் ஒரு நொடி கண்ணை மூடினாள், பிறகு சொன்னாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. டோய்னி என் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

பிறகு சால்மெலா, “அப்பாடா, நீண்ட பயணம்,” என்றார்.

ஹெல்வி அவரையே பார்த்தாள்.

“இன்னும் குளிர் விடவில்லை.”

ஹெல்வி தலையசைத்தாள். உண்மைதான், விடவில்லை.

“அழகான வீடு உங்களுடையது.”

சுவர்க் கடிகாரம் ஓடியது. வெளியே யாரோ பனியை வழித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்வி கைகளை முன்னால் கோத்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். சால்மெலாவும் நின்றார். கடைசியில் அவர் பின்னிஷுக்கு மாறினார்.

“உங்க ஆங்கிலத்துல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா நீங்க பதிலே சொல்லலையே.”

“நீங்க ஒண்ணும் கேக்கலையே,” என்றாள் ஹெல்வி.

எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. குளிர் விடவில்லை என்று ஒருவர் சொன்னால் அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் நான் சேர்க்க என்ன இருக்கிறது? சால்மெலா சிரித்துவிட்டார். தானும் லண்டனில் முதல் வருஷம் முழுக்க இப்படித்தான் நின்றதாகவும், தன்னை எல்லோரும் கோபக்காரி என்று நினைத்ததாகவும் சொன்னார்.

“அவங்களுக்கு இது கேள்வி மாதிரிதான். நீங்க சும்மா நின்னா, ‘நாம வந்தது இவளுக்குப் பிடிக்கல’ன்னு நெனப்பாங்க. ராத்திரி பூரா அதே நெனப்பா இருக்கும்.”

கடைசி வாக்கியம் ஹெல்வியைத் தைத்தது. முகத்தில் தெரிந்தது.

“தூங்கமாட்டாங்களா?”

“நான்னா தூங்கமாட்டேன்.”

சால்மெலா இரக்கமில்லாதவர் அல்ல. நிலம் இன்னும் உறைந்துதான் கிடந்தது. மே மாதம் இளகினால்தான் கம்பம் நடக் குழி தோண்ட முடியும். அதற்குள் இன்னொரு முறை வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்றிலிருந்து நான் தினமும் போய்ப் பயணிபோல நின்றேன். “நீண்ட பயணம்” என்பேன். ஹெல்வி கண்ணை மூடுவாள். திறப்பாள். ஒன்றும் வராது.

“எய்னோ, உன் வண்டில வெளிநாட்டுக்காரன் ஏறினா என்ன பண்ணுவ?”

“ஒருதடவ ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர் ஏறினான். எறங்கறவரைக்கும் மழையப் பத்தியே பேசினான்.”

“நீ என்ன சொன்ன?”

“ரோட்டப் பாத்து ஓட்டினேன்.”

“நல்ல வாத்தியார் கெடைச்சிருக்காரு அண்ணி உங்களுக்கு,” என்றாள் டோய்னி, மாவு பிசைந்துகொண்டே.

பதில்கள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆசிரியை எழுதிக்கொடுத்திருந்தாள், ஹெல்வி படித்துவிட்டாள். வைக்கத்தான் இடமில்லை. தலையணைக்கு இடம் உண்டு. மழையைப் பற்றிய பேச்சை எந்த அறையில் வைப்பது? ஏரி தெரியும் அறையில் வைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. சமையலறையில் வைத்தாள், டோய்னி பாடுகிற பாட்டோடு கலந்துபோனது. ஏப்ரல் முடியும்போது அவள் சலவைக்கூடத்தைப் பற்றி விசாரிக்கச் சொன்னாள். இது இரண்டாவது முறை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஈரப்பனி கொட்டியது. நான் வாசல் அறைக்குள் நுழைந்து, காலை உதைத்துப் பனியை உதறி, பெஞ்சில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்தேன்.

“இந்த வருஷம் வசந்தம் வழி தெரியாமப் போயிடுச்சு போல,” என்றேன்.

“தெற்க எங்கயோ தங்கிடுச்சு,” என்றாள் ஹெல்வி, என் மேல்கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டிக்கொண்டே. “அங்க ஹோட்டல் நல்லாருக்காம்.”

சமையலறையில் டோய்னியின் கரண்டி நின்றது. அவள் மாவுக் கையோடு வந்து நிலையில் சாய்ந்தாள்.

“அண்ணி, இப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

“கோட்டு மாட்டினேன்.”

“அவர் கேள்வியே கேக்கல. நீங்க பதில் சொன்னீங்க.”

நாங்கள் மூவரும் அந்தச் சின்ன அறையைப் பார்த்தோம். இரண்டு கதவுகளுக்கு நடுவே, வெளியும் இல்லாத உள்ளும் இல்லாத இடம். ஒரு பெஞ்சு, கோட்டு மாட்டும் கொக்கிகள், துடைப்பம், சணல் மிதியடி, வரிசையாகக் கம்பளிச் செருப்புகள். எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு யார் போனாலும் அங்கேதான் குளிரையும் சேற்றையும் பற்றி ஏதாவது சொல்வோம். நாடா அவிழ்கிறவரை வாயும் அவிழ்ந்திருக்கும். செருப்பை மாற்றி உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து செய்கிறோம், யாரும் கவனித்ததில்லை.

ஹெல்வி அன்று சாயங்காலமே அந்தப் பதில்களை அங்கே குடிமாற்றினாள். மழைக்கான பதில் துடைப்பத்தின்மேல், நீண்ட பயணத்துக்கானது மிதியடியில், வீட்டைப் புகழ்ந்தால் சொல்ல வேண்டியது மூன்றாவது கொக்கியில். ஒரு வாரத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஏதாவது திரும்பி வந்தது. சுருக்கமாக, ஆனால் வந்தது.

மே மாதம் சால்மெலா தனியாக வரவில்லை. உண்மையான வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். ஹார்டிங் என்று பெயர், பயணப் புத்தகங்களுக்காக ஊர் ஊராகப் பார்த்து எழுதுகிறவர். உயரமான மனிதர், முழங்காலுக்குக் கீழ்வரை நாடா போட்ட மலையேறும் பூட்ஸ். சாலையெல்லாம் சேறாகும் பருவம். வழி முழுக்கப் பேசினார். நானும் இரண்டு பதில் சொன்னேன், கியர் மாற்றும்போது.

ஹெல்வி வாசல் அறையில் மிதியடியின் ஓரம் நின்றிருந்தாள். தயார்.

ஹார்டிங் உள்ளே வந்தார், தலையசைத்தார், அவளைத் தாண்டி, சேற்றுப் பூட்ஸோடு, நேராகக் கூடத்துக்குள் போய் நின்றார்.

பூட்ஸோடு ஒருவர் வீட்டுக்குள் போவார் என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவே இல்லை. அங்கே நின்று அவர் கையை விரித்து, “ஆகா, நீண்ட பயணம்!” என்றார். ஹெல்வி வாசல் அறையிலேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. சால்மெலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டோய்னி என்னிடம் மெல்ல, “முடிஞ்சுதா?” என்றாள்.

ஹெல்வி கூடத்துக்குப் போகவில்லை. குனிந்தாள். வரிசையிலிருந்து இருப்பதிலேயே பெரிய கம்பளிச் செருப்பை எடுத்துப் பெஞ்சுக்கு முன்னால், ஜோடியாக, மூக்கு வெளியே பார்க்க வைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. காத்திருக்கிற முகம்.

ஹார்டிங் செருப்பைப் பார்த்தார். தரையில் தன் சேற்றுத் தடங்களைப் பார்த்தார். அந்தத் தடங்களின் மேலேயே கால் வைத்துத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“மன்னிக்க வேண்டும். நீண்ட பயணம்,” என்றார் நாடாவைப் பிடித்துக்கொண்டு.

“நீண்ட பயணம்தான்,” என்றாள் ஹெல்வி ஆங்கிலத்தில். “இப்போது முடிந்தது. உட்காருங்கள்.”

“உங்கள் சாலை பயங்கரமான சேறு.”

“மே மாதத்தில் எங்களிடம் சாலை கிடையாது. சேறு மட்டும்தான். ஜூனில் சாலை வரும்.”

அவர் சிரித்தார். அந்தப் பூட்ஸில் நாடா கோக்கும் கண்கள் எத்தனை இருந்தனவோ, அத்தனைக்கும் பேச்சு வந்தது. மழை, கொசு, ஏரியில் பனிக்கட்டி உடையும் சத்தம். ஹெல்வியின் கண் துடைப்பத்துக்குப் போய் வந்தது, கொக்கிக்குப் போய் வந்தது. ஒரு முறைகூட மூடவில்லை. சால்மெலா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். ஊரில் என்னைத் தவிர அதைப் பார்த்தவள் டோய்னி மட்டும்தான் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. முழு ஊரும் பார்த்திருக்க வேண்டிய காட்சி.

பிறகு மாடி. மூன்றாம் அறை. தலையணை, துண்டு, சாவி, சன்னல் திறக்கும் விதம், எல்லாம் சொன்னாள். ஹார்டிங் சன்னலோரம் நின்றார்.

“என்ன அழகான ஏரி,” என்றார்.

ஹெல்வி பதில் சொல்லவில்லை.

சால்மெலா அவள் காதருகே பின்னிஷில், “சொல்லுங்கம்மா. கீழ அவ்வளவு நல்லாப் பேசினீங்களே,” என்றார்.

“அறைக்குள்ள நான் சும்மாப் பேச்சு பேசறதில்ல.”

“ஒரே ஒரு வார்த்தை. பலகைக்காக.”

ஒரு வார்த்தைதானே என்று நானும் நினைத்தேன். ஹெல்வி அவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பிறகு ஹார்டிங்கிடம் ஆங்கிலத்தில், நிதானமாக, “இனி இது உங்கள் அறை,” என்றாள். “நான் போகிறேன்.” எங்களை வெளியே வரச் செய்து கதவைச் சாத்தினாள். என் அம்மா அன்று உள் அறையைச் சாத்தியபோதும் கதவுச் சத்தம் இப்படித்தான் இருந்தது.

சமையலறையில் டோய்னி காபி ஊற்றினாள், ஏலக்காய் ரொட்டியை வெட்டினாள். ஹார்டிங் கீழே வந்து தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும், பிறகு சாயங்கால ரயிலுக்கு இருவரையும் நான் கொண்டுபோய் விட வேண்டும். அவர் வரவில்லை. இரண்டாவது தடவை காபி ஆனது. டோய்னி ஹெல்வியைப் பார்த்தாள், நான் டோய்னியைப் பார்த்தேன். சால்மெலா எழுந்து படியேறிப் போனார். திரும்பி வந்தபோது அவர் காலடிச் சத்தமே கேட்கவில்லை.

“தூங்கறாரு,” என்றார். “குறட்டை கதவுக்கு வெளிய கேக்குது. ராத்திரில தூக்கமே வர்றதில்லன்னு ரயில்ல வர்றப்போ புலம்பிக்கிட்டு வந்தவரு.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது கேள்வி அல்ல.

“ரயில் போயிடும். எழுப்பிடட்டுமா?”

“என் வீட்டுல தூங்கறவங்கள எழுப்பறதில்ல,” என்றாள் ஹெல்வி. “நாளைக்கும் ரயில் உண்டு. உங்களுக்கு நாலாம் நம்பர் தர்றேன்.”

சால்மெலா கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“கட்டில் படத்துக்குக் கீழ ஆங்கிலத்துல ஒரு வார்த்தை போட எடம் இருக்கு. என்ன போடலாம்? ஹோட்டல்?”

“லிஃப்ட் எங்கன்னு கேப்பாங்க.”

“ஹாஸ்டல்?”

“கிட்டாரோட வருவாங்க,” என்றாள் டோய்னி.

“‘இன்’னு போடலாமா?”

“பீர் கேப்பாங்க. லைசன்ஸ் இல்ல.”

“அப்ப நீங்களே சொல்லுங்க.”

ஹெல்வி கண்ணை மூடினாள். வீடு முழுக்கப் போய் வந்தாள் என்று நினைக்கிறேன், நெடுநேரம் ஆயிற்று. “கட்டில் போதும்,” என்றாள். “மிச்சத்த வாசல் அறையில நானே சொல்லிக்கறேன்.”

ஜூன் பிறந்ததும் சாலைக்காரர்கள் குழி தோண்டினார்கள். நான் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு அவர்கள் கம்பத்தை நிமிர்த்துகிறவரை நின்றேன். நீலத்தில் வெள்ளைக் கட்டில். வடக்கு முனைவரைக்கும் போகிற சாலையில் எங்கள் ஊர் சொன்ன ஒரே சொல் அது. அதை ஹெல்வி சொல்லியிருந்தாள். அவர்களுடைய மேஸ்திரி என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம், பார்க்கிறேன் என்றேன்.

முதல் கார் அந்த வாரமே எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பியது. டென்மார்க் எண். கணவனும் மனைவியும், பின்சீட்டு முழுக்கச் சாமான். நான் பின்னாலேயே போனேன், வேலை எதுவும் இல்லாமல். அவர்கள் பெஞ்சில் அருகருகே குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்வி இரண்டு கோட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“மிக நீண்ட சாலை,” என்றார் கணவர் ஆங்கிலத்தில்.

“மிக நீண்டது,” என்றாள் ஹெல்வி. “ஆனால் கட்டில் தெரிந்ததல்லவா?”

அந்த வாக்கியத்தை நாங்கள் ஒரு நாளும் பழகிப்பார்த்ததில்லை.